அட்டையைத் திருப்பு மச்சி!

செமஸ்டர் நேரத்தில் காலேஜ் ஹாஸ்டல் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். செம காமெடியாக இருக்கும்.

"அண்ணா, அந்த நீலக் கலர் அட்டை குடுங்க!"

"தலைவலிக்கு ரெண்டு, சளிக்கு ரெண்டு, அப்படியே வயித்துக்கு ஒண்ணு!"

"என் ரூம்மேட்டுக்கு நேத்து குடுத்தீங்களே... அதே மாத்திரை எனக்கும்!"

டீக்கடையில் வடை, பஜ்ஜி கேட்கிற அதே தோரணை. கவுன்டருக்கு உள்ளே நிற்கிற ஃபார்மசிஸ்டாக இதைத் தினமும் கேட்டுப் பழகியாகிவிட்டது. ஆனால், ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. மாத்திரையின் பெயர் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குள் என்ன இருக்கிறது என்றுதான் யாரும் பார்ப்பதில்லை.

அட்டையின் முன்னால் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பெரும்பாலும் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். 'ஈச் டேப்லெட் கன்டெய்ன்ஸ்' என்று ஆரம்பிக்குமே, அந்த இடம்தான். மருந்தின் பெயர், பக்கத்தில் 'ஐ.பி.' (இந்தியன் ஃபார்மகோபியா தரம் என்று அர்த்தம்), அதற்குப் பிறகு எத்தனை மில்லிகிராம். இந்த ஒரு வரியைப் படிக்கப் பழகினால் போதும், மாத்திரையால் வருகிற வம்புகள் பலவற்றை வாசலிலேயே நிறுத்திவிடலாம். எப்படின்னு பார்ப்போமா?

மூணு பேர்... ஆனா ஒரே ஆளு!

ஜுரம், சளி, உடம்பு வலி மூன்றும் சேர்ந்து வருகிறது. ஜுரத்துக்கு டோலோ 650. சளிக்கு ஒரு 'கோல்டு' மாத்திரை. உடம்பு வலிக்கு காம்பிஃப்ளாம். மூன்று வியாதி, மூன்று மருந்து, கணக்கு சரிதானே?

தப்பு! இப்போது மூன்று அட்டையையும் திருப்புங்கள். டோலோவில் பாராசிட்டமால் 650 மி.கி. காம்பிஃப்ளாமில் ஐபுபுரூஃபென் 400 மி.கி. கூடவே பாராசிட்டமால் 325 மி.கி. கோல்டு மாத்திரைகளில் பலவற்றில் பாராசிட்டமால் 500 மி.கி. வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருப்பது ஒரே ஆள்!

கூட்டிப் பாருங்கள். டோலோ நாலு என்றால் 2,600 மி.கி. கோல்டு மாத்திரை மூன்று, 1,500. மொத்தம் 4,100. காம்பிஃப்ளாம் இரண்டு சேர்ந்தால் இன்னும் 650. ஆக 4,750! ஆரோக்கியமான பெரியவர்கள் ஒரு நாளில் எடுக்கலாம் என்று சொல்லப்படும் உச்ச அளவே 4,000 மி.கி.தான். ஒல்லியான உடம்பு, குடிப்பழக்கம், கல்லீரல் கோளாறு என்று ஏதாவது இருந்தால் அந்த வரம்பு இன்னும் கீழே இறங்கும். ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியாகப் பார்த்தால் சாது. சேர்ந்தால் அடி வாங்குவது கல்லீரல்.

இதில் பெரிய ஆபத்து என்ன தெரியுமா? அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக எதுவுமே தெரியாமல் போகலாம். லேசான குமட்டலோடு சரி. "நல்லாத்தானே இருக்கேன்" என்று படுத்துவிடுவோம். உள்ளே பாதிப்பு நடந்துகொண்டிருக்கும். அதனால், அளவுக்கு மேல் போட்டுவிட்டது தெரிந்தால் வலியோ வாந்தியோ வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சி, இல்லையென்றால் 108. இதற்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ரூல் சிம்பிள்: ஒரு நேரத்தில் பாராசிட்டமால் இருக்கும் மாத்திரை ஒன்றே ஒன்றுதான். அடுத்தது குறைந்தது நாலு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் கழித்து.

மழைக்கால ஜுரமா? உஷார்!

மழை ஆரம்பித்தால் கொசு வரும், கொசுவோடு டெங்குவும் வரும். காரணம் தெரியாத ஜுரம் என்றால் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் இவை மூன்றையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். இந்த வலி மாத்திரைகள் ரத்தக்கசிவு ஆபத்தை அதிகமாக்கும். மேலே சொன்ன 'உடம்பு வலி' மாத்திரையின் பின்பக்கத்தை மறுபடியும் படியுங்கள். ஐபுபுரூஃபென் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது! டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. தண்ணீர், கஞ்சி, இளநீர் தாராளமாக.

இன்னொன்று. டெங்குவில் ஜுரம் இறங்குகிற நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்து நிற்க முடியாத சோர்வு... இதில் எது வந்தாலும் "ஜுரம் போயிடுச்சே" என்று ரூமில் இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சிவப்புக் கோடு தெரியுதா?

சில அட்டைகளின் பின்னால் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். டிசைன் இல்லை பாஸ்! டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கை. 2016-ல் மத்திய அரசு இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றித் தனியாகப் பிரசாரமே நடத்தியது. ஆன்டிபயாட்டிக் அட்டைகளில் இதைப் பார்க்கலாம்.

"சளிக்கு அசித்ரோமைசின் மூணு நாள் போட்டேன், சரியாப் போச்சு" என்று நண்பன் சொல்வான். சாதாரண சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் கொல்வது பாக்டீரியாவை. போடாமல் இருந்திருந்தாலும் அந்தச் சளி தானாகப் போயிருக்கும். மாறாக, உடம்பில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களில் மருந்துக்குத் தப்பியவை மட்டும் பிழைத்துப் பெருகும். நாளைக்கு நிஜமாகவே நிமோனியா, டைஃபாய்டு என்று வரும்போது மருந்து கைவிடும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945-ல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே இதைத்தான் எச்சரித்தார்: குறைந்த அளவு மருந்து கொடுத்துக் கிருமிகளுக்குப் பழக்கிவிடாதீர்கள் என்று!

அதனால் நண்பனின் மிச்ச மாத்திரை வேண்டாம். டாக்டர் ஐந்து நாள் எழுதினால், மூன்றாம் நாளே தெம்பு வந்தாலும் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். சில வீரியமான ஆன்டிபயாட்டிக், சில தூக்க மாத்திரை எல்லாம் 2014 மார்ச் முதல் 'ஹெச் 1' என்ற தனிப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். "சீட்டு எங்கே?" என்று ஃபார்மசிஸ்ட் கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் பந்தா பண்ணவில்லை, வேலையைச் செய்கிறார்!

ஏழு நாளில் சிவப்பழகா?

அட்டைக்கு மட்டுமல்ல, ட்யூபுக்கும் இதே சட்டம். "முகம் கலராகும்" என்று தோழி சிபாரிசு செய்கிற ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா? அது ஸ்டீராய்டு. டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் மட்டும் போட்டால் நல்ல மருந்து. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், பரு வெடிக்கும், முடி முளைக்கும், வெயில் பட்டாலே சிவந்து எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அந்தப் பயத்திலேயே திரும்பப் பூச வைக்கும்.

பசங்களுக்கும் இதில் பங்கு உண்டு. டைட் ஜீன்ஸ், வேர்வை, காயாத உள்ளாடை, விளைவு படர்தாமரை. வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு 'ஆல் இன் ஒன்' க்ரீம் வாங்கிப் போடுவார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு இரண்டே நாளில் அடங்கும். பூஞ்சை மட்டும் சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை 2018-லேயே சீட்டு தேவைப்படும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஒரு தடவை தோல் டாக்டரைப் பாருங்கள். வெட்கத்துக்கு வைத்தியம் கிடையாது, படர்தாமரைக்கு இருக்கிறது!

பாலோடு போடலாமா, டீயோடு போடலாமா?

எதுவானாலும் தண்ணீர்தான் பெஸ்ட். மற்றதெல்லாம் மருந்தைப் பொறுத்தது:

* பருவுக்கு டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதினால், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணி நேரம் படுக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும். பாலோடு வேண்டாம். மத்தியான வெயிலில் கிரிக்கெட்டும் வேண்டாம், தோல் சட்டென்று கருகும்.

* இரும்புச்சத்து மாத்திரைக்கு டீயும் காபியும் எதிரி. முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சை ஜூஸ் நல்ல தோழி.

* 'கேஸ் மாத்திரை' என்று நீங்கள் கேட்கும் பேன்டோபிரசோல், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டியது. கடித்தோ பொடித்தோ சாப்பிடக் கூடாது. பரோட்டா முடித்துவிட்டுப் போடுவது லேட் அட்டெண்டன்ஸ்! வாரக்கணக்கில் தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள். காரணம் மெஸ் குழம்பாக மட்டும் இருக்காது.

* சளி, அலர்ஜி மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமைன், செட்டிரிசின் இருந்தால் தூக்கம் வரும். போட்டுவிட்டு பைக் ஓட்டாதீர்கள். பரீட்சை அன்று காலையில் முதல் முறையாகப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

பாக்கெட்டையும் திருப்பு!

வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், சின்னது என்றால் 200 மி.லி. எது என்று பின்னால் எழுதியிருக்கும். "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று அரை டம்ளரில் கொட்டாதீர்கள், போக்கு கூடத்தான் செய்யும். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். சர்க்கரை தூக்கலாக இருக்கும் ஜூஸ்கள் ஓ.ஆர்.எஸ். பெயரோடு விற்றதால், அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்டிருக்கிறதா, பாருங்கள்.

கத்தரிக்கோல் ரகசியம்

மாத்திரையைப் பிரிக்கும்போது பெயரும் எக்ஸ்பைரி தேதியும் அச்சான முனையைக் கடைசி வரை விட்டு வையுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். இல்லையென்றால் பெட்டியில் மிஞ்சுவது பெயரில்லாத வெள்ளை உருண்டைதான். கடையில் நாலு மாத்திரை வெட்டி வாங்கினால், முழு அட்டையின் பின்பக்கத்தை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பைரியாக மாதம் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று அர்த்தம். பைக் பெட்டியும் பாத்ரூம் அலமாரியும் மாத்திரைக்கு ஆகாது. ஒன்று சூடு, இன்னொன்று ஈரம்.

கேளுங்க பாஸ், காசு கேட்க மாட்டோம்!

ஃபார்மசிஸ்ட் என்பவர் பில் போடுகிறவர் மட்டுமல்ல. இரண்டு வருட டி.ஃபார்ம், நாலு வருட பி.ஃபார்ம், ஆறு வருட ஃபார்ம்.டி. என்று மருந்தையே படித்துவிட்டு வருகிறார். மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்குவது 2015-ன் மருந்தக நடைமுறை விதிகளின்படி அவருடைய கடமை. அதனால் பையை வாங்கியதும் ஓடாதீர்கள். ஐந்தே கேள்வி கேளுங்கள்:

1. இது எதுக்கு?
2. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?
3. எத்தனை மணி நேரத்துக்கு ஒண்ணு, எத்தனை நாள்?
4. நான் ஏற்கெனவே போடுற மாத்திரையோட ஒத்துப் போகுமா?
5. என்ன ஆனா உடனே டாக்டரைப் பார்க்கணும்?

நீங்களும் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஏதாவது மாத்திரைக்கு அலர்ஜி உண்டா? ஆஸ்துமா, அல்சர், கர்ப்பம் மாதிரி ஏதாவது இருக்கிறதா? தயங்காதீர்கள். மாத்திரை போட்டபின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 108. தடிப்பு, வாந்தி மாதிரி பக்க விளைவுகளைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. டாக்டரைப் போலவே நீங்களும் கூப்பிடலாம். பொதுவான சந்தேகம் என்றால் தமிழ்நாட்டில் 104.

மருந்தின் பெயர் தெரிந்தால் பர்ஸுக்கும் நல்லது! 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 'முதல்வர் மருந்தகம்', அதற்கு முன்பே இருக்கும் 'மக்கள் மருந்தகம்' இரண்டிலும் ஜெனரிக் மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால், அங்கே போய் "நீல அட்டை" என்று கேட்டால் நடக்காது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அது எங்கே இருக்கிறது என்றுதான் உங்களுக்குத் தெரியுமே!