தோக்கும் சிவப்புப் புள்ளியும்

குமரி மாவட்டத்தில் ஆறுகாணி, பத்துகாணி, பேச்சிப்பாறைப் பக்கத்து மலையோர வீடுகளில் இரண்டு தலைமுறைக்கு முன்பு தோக்கு (துப்பாக்கி) என்பது மண்வெட்டி, வெட்டுகத்தியோடு சேர்த்து எண்ணப்பட்ட சாமான். மரச்சீனி விளையில் இறங்கும் பன்னியை விரட்ட ஒற்றைக்குழல். எஸ்டேட் வைத்திருப்பவர் வீட்டில் இரட்டைக்குழல். குறி பார்ப்பதற்கென்று குழல் நுனியில் ஒரு பித்தளைக் குமிழ், அவ்வளவுதான். ராத்திரியில் அந்தக் குமிழ் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தும் பெரிய பயனில்லை. சிதறிப் போகிற சில்லில் ஒன்றிரண்டு எப்படியும் பன்னியின் பக்கத்தில் விழும். பல நாள் வெடிச் சத்தமே வேலையை முடித்துவிடும்.

இன்று அந்த வீட்டுப் பேரன் செல்போனில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறான்: “பாட்டா, பாயிண்ட் டூ டூ பிஸ்டல், மேல ரெட் டாட்டு வச்சது, வெல கொறவா எது கிட்டும்?” பாட்டாவுக்குக் கேள்வியில் பாதி புரியாது. மீதிக்கு அவர் சொல்லும் பதில், “ஒனக்கு லைசென்சு எவன்டே தருவான்?” என்பதாகத்தான் இருக்கும்.

தோக்கு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா தோற்கடித்து, பிடிபட்ட தளபதி டிலனாயைத் தன் படைக்கே ஆசானாக்கினார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை எரிந்தது. 1777-இல் இறந்த டிலனாயின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. அன்றைக்குத் தோக்கு அரசனுடைய பொருள். குடியானவன் கையில் அது உரிமக் காகிதத்தோடுதான் தங்கியது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அந்தக் காகிதத்துக்கான நடை திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு மாறியது. 1959-இன் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தேர்தல் அறிவித்ததும் தோக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கும் வழக்கம் மட்டும் இன்றுவரை மாறவில்லை. திரும்பி வரும்போது குழலில் துரு ஏறியிருக்கும். கடற்காற்றும் இரட்டை மழையும் உள்ள ஊரில் இரும்பை எண்ணெய் தொட்ட துணியால் துடைக்காமல் போட்டால் வேறென்ன ஆகும்?

பேரன் கேட்கிற சாமானுக்கு வருவோம். பாயிண்ட் டூ டூ பிஸ்டலில் போடுவது ரிம்ஃபயர் தோட்டா. அதில் தீப்பிடிக்கும் மருந்து நடுவில் இல்லை. அடிவிளிம்பின் உள்மடிப்பைச் சுற்றிப் பூசப்பட்டிருக்கும். சுத்தியல் விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். செய்வது எளிது, அதனால் மலிவு. சுட்டபின் கூட்டை மறுபடி நிரப்ப முடியாது. நாம் .22 என்று சொல்லும் லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் அமெரிக்காவில் வந்தது. குண்டின் எடை இரண்டரை கிராம் சொச்சம். கையை உதறாது, காதைப் பிளக்காது. சுடக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிடத் தோதான தோட்டா கிடையாது. பன்னிக்கு இது ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காயம்பட்ட பன்னி விளைக்குள் நின்றால் ஆளுக்குத்தான் ஆபத்து.

சிவப்புப் புள்ளியின் கதையும் பழையதுதான். 1900-இல் டப்ளின் நகரத்துத் தொலைநோக்கிக் கலைஞர் ஹோவர்ட் கிரப் இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தின் 15 அங்குலத் தொலைநோக்கி அவர் பட்டறைச் சரக்குதான். சாய்ந்த கண்ணாடியில் ஒளிப்புள்ளி பட்டுத் திரும்பி, தூரத்து இலக்கின் மேலேயே ஒட்டியிருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். 1975-இல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் அதை பேட்டரியில் ஓடும் சாதனமாக்கிக் கடைக்குக் கொண்டுவந்தது. பழைய முறையில் கண் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும்: பின்பள்ளம், முன்முனை, இலக்கு. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு முன்முனை மங்கத் தொடங்கும். புள்ளியில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்து இலக்கை மட்டும் பார்த்தால் போதும்.

அமெரிக்காவில் 1949-இல் ரூகர் நிறுவனம் தன் முதல் சரக்காக ஒரு .22 பிஸ்டலை 37 டாலர் 50 சென்டுக்கு விற்றது. அதன் வழிவந்த மார்க் 4 இன்றும் அங்கே சாதாரணக் கடைச் சரக்கு. மேலே புள்ளிக் கண்ணாடியை முடுக்கிக்கொள்ளத் தண்டவாளமும் கிடைக்கும். நம் ஊரில் 1980-களின் நடுவிலேயே தனியாருக்கான இறக்குமதி அடைபட்டுவிட்டது. பெயர்பெற்ற போட்டியாளர்களுக்கு மட்டும் வழி உண்டு. அதற்கு முன் வந்த வெளிநாட்டுப் பிஸ்டல்கள் கைமாறிக் கைமாறி லட்சக்கணக்கில் விலை போகின்றன. உள்நாட்டில் மலிவு என்று கேட்டால், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை சுமார் 35,000 ரூபாய் விலையில் கொண்டுவந்த ‘நிடர்’ என்ற .22 ரிவால்வரைச் சொல்லலாம். எடை 250 கிராம். சட்டைப்பைக்கான சாமான் அது; அதில் புள்ளிக் கண்ணாடியைக் கற்பனை செய்வதே சிரிப்பு.

2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய தோக்கு மூன்றிலிருந்து இரண்டானது. மறு ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, இந்த மாவட்டத்தில் பிஸ்டல் என்ற பேச்சை எடுத்தாலே வீட்டுப் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பேரனுக்கு மெய்யான வழி காற்றுப் பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். பத்து மீட்டர் தூரம், பின்னால் குண்டைத் தடுக்கும் பெட்டி, பெரியவர் ஒருவரின் மேற்பார்வை இவ்வளவு இருந்தால் பழகத் தொடங்கலாம். இலக்கின் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், அதைத் தொடர்ந்து தொடுகிறவன் கையில் .22 வந்தால் 25 மீட்டரில் 50 மில்லிமீட்டர் நடுவட்டம் பெரிதாகத் தெரியும். லண்டன் ஒலிம்பிக்கில் 2012-இல் விஜய்குமார் வெள்ளி வாங்கியது .22 பிஸ்டலில். பாரிஸில் 2024-இல் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் காற்றுப் பிஸ்டலில்; .22 போட்டியில் அவர் நான்காவதாக வந்தார்.

இந்தப் போட்டிகள் எதிலும் சிவப்புப் புள்ளிக்கு இடமில்லை. சர்வதேச விதி பள்ளமும் முனையும் கொண்ட இரும்புக் குறியைத்தான் பிஸ்டலுக்கு அனுமதிக்கிறது. மெடல் கனவோடு இருக்கிற பையன் முதல் நாளே புள்ளியில் பழகினால் பிறகு முனையைப் பார்க்கக் கண்ணைத் திரும்பப் பழக்க வேண்டிவரும். அந்தப் பணத்தைக் கைக்குப் பொருந்துகிற பிடிக்கும் நல்ல விசைக்கும் போடுவது புத்தி.

புள்ளி உண்மையில் உதவக்கூடிய ஆள் பாட்டாதான். கண்புரை அறுத்த கண், அந்திநேரம், அசையும் கரும்பன்னி. ஆனால் அவர் தோக்குக்கு வேலை போய்விட்டது. களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் அனுமதித்தால் உரிமம் உள்ளவர் பன்னியைச் சுடலாம். இந்தப்பக்கம் 2025 ஜனவரி உத்தரவுப்படி காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கப்பால் வனத்துறை ஆட்கள் மட்டும் சுடலாம். பத்துகாணி விளைக்கும் காட்டுக்கும் இடையே பல இடங்களில் மூன்று கிலோமீட்டர் ஏது?