மூலம் விட்டதும் உரை தொட்டதும்: பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தும் தொலைக்காட்சி இராமாயணமும்

1987 சனவரி 25ஆம் நாள் தொடங்கி 1988 சூலை 31ஆம் நாள் முடிய, ஞாயிறுதோறும் காலையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய இராமானந்த சாகரின் இராமாயணத் தொடர், இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில் ஒரு திருப்பம் என்பது பலரும் அறிந்ததே. அந்நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடியதும், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை சூட்டிச் சூடம் காட்டியதும் பதிவாகியுள்ளன. தொடரை ஆராய்ந்தோருள் பிலிப் லட்கெண்டார்ஃப், அதனை வடஇந்தியக் கதை சொல்லும் மரபின் தொடர்ச்சியாகக் கண்டார். பல இராமாயணங்கள் வழங்கும் நாட்டில் ஒரு வடிவமே பொதுவடிவமாகிவிடுமோ என்று ரொமிலா தாப்பர் 1989இல் ஐயுற்றார். இவ்வாய்வுகள் சமயத்தையும் அரசியலையும் மிகுதியாகப் பேசின; மொழி பற்றிய வினாக்கள் ஓரளவே எழுந்தன. அன்புக்குரிய ஒரு பாத்திரத்தைச் சுவைஞர் எம்மொழியில் விளக்கிக்கொள்கின்றனர், அவ்விளக்கத்தில் மொழியின் அமைப்பு எவ்வளவு பங்கு கொள்கிறது என்பதைக் கேரளத்தின் கிழக்கெல்லைப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை காண முற்படுகிறது.

சுவைஞர் விளக்கம் என்று இங்குக் குறிக்கப்படுவது யாது? மூலம் சொல்லாமல் விட்டதைப் பாத்திரத்தின்பால் பற்றுடையோர் தாமே வினவித் தாமே விடை காண்பதாகும். அவள் ஏன் அவ்வாறு செய்தாள்? அவன் அதனை அறிவானா? அறிந்திருந்தால் ஏன் தடுக்கவில்லை? இவ்வினாக்கள் தொலைக்காட்சியோடு பிறந்தவை அல்ல.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தமிழ் பேசும் வணிகரும் நெசவாளரும் பல நூற்றாண்டுகளாக மேற்கே சென்று குடியமர்ந்தனர். 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் பாலக்காடு கேரளத்தில் அமைந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்திலேயே தொடர்ந்தன. அவ்வட்டங்களை உள்ளடக்கிய இடுக்கி மாவட்டம் 1972இல் உருவாயிற்று. இவ்விரு எல்லைப் பகுதிகளும் தமிழோடு கொண்ட உறவு ஒரு தன்மையதன்று. இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தமிழ் வீட்டுமொழி. ஆனால் பாரதப்புழைக் கரையின் கூத்துக் கிராமங்களில் மலையாளமே அன்றாட மொழி. தமிழ் அங்கே இரவில், திரைக்குப் பின்னால், ஓதப்படும் மொழி. அவ்வாறு ஓதப்படுவது கம்பன் பாடல்.

கூத்துமாடமும் உரையும்

பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் நிகழும் தோல்பாவைக்கூத்து, கோயிலுக்கு எதிரே தனியாகக் கட்டப்பட்ட கூத்துமாடத்தில் நடைபெறுவது. வெண்திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் எரியும். 7, 14, 21 எனத் தொடங்கி 71 இரவுகள் வரை கூத்து நீளும். பத்திரகாளி தாரிகனோடு போரிட்டுக் கொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காண இயலாது போயிற்று; அவள் காண்பதற்காகவே இக்கூத்து என்பது கோயில் வழக்கு. ஆகவே மனிதப் பார்வையாளர் ஒருவரும் இல்லாத இரவிலும் கூத்து குறைவின்றி நடக்கும். 1980களில் இக்கூத்தை நேரில் ஆய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கேட்போர் இன்மையால் புலவர்கள் ஒருவரோடு ஒருவர் உரையாடும் கலையாக இது வளர்ந்தது என்று விளக்கினார். அவருடைய கட்டுரை, பவுலா ரிச்மன் 1991இல் தொகுத்த, பல இராமாயணங்கள் என்னும் பொருளமைந்த நூலில் வெளிவந்தது. 1996இல் அவருடைய தனிநூலும் வந்தது.

கூத்தின் மூலம் ஆடல்பற்று எனப்படும். சின்னத்தம்பிப் புலவர் இதனை அமைத்ததாக மரபு கூறும். இதில் செய்யுளும் உரையும் உண்டு. செய்யுள் பெரும்பாலும் கம்பனுடையது. ஒலிப்பில் மலையாளச் சாயல் ஏறியது. ஏடுகளிலும் கையெழுத்துச் சுவடிகளிலும் மலையாள எழுத்தில் எழுதப்பட்டு வந்தது. செய்யுளை ஓதி முடித்தபின் புலவர் பதம் பிரித்துப் பொருள் கூறுவார், இலக்கணம் கூறுவார், புராணம் ஒன்றை இடையே நுழைப்பார், சோதிடத்துக்கும் மருத்துவத்துக்கும் கூடச் செல்வார். பாவைகள் அசையாது நிற்க, உரை நெடுநேரம் ஓடும். உரையின் மொழி தமிழும் மலையாளமும் வடமொழிச் சொற்களும் கலந்தது. விரைவை விரும்புவோர்க்கு இது சலிப்பாகத் தோன்றலாம். சுவைஞர் விளக்கம் குடியிருக்கும் இடமோ இந்த உரைதான்.

சம்புகுமாரன் கதை இதற்குத் தக்க சான்று. சூர்ப்பணகைக்கு ஒரு மகன். தவத்தில் அமர்ந்திருந்த அவனை இலக்குவன் அறியாது வெட்டிவிடுகிறான். வான்மீகத்தில் இது இல்லை, கம்பனிலும் இல்லை. விமலசூரியின் சமண இராமாயணத்தில் இதற்கு இணையான கதை உண்டு. கூத்து இதனைப் பஞ்சவடி நிகழ்ச்சிகளோடு சேர்த்து நடத்துகிறது. இதன் விளைவு சிறிதன்று. காமத்தால் மட்டுமே வந்தவளாகக் கம்பன் காட்டும் பெண், இங்கு மகனை இழந்த தாயாகவும் ஆகிறாள். பின்னர்க் கம்பன் செய்யுட்கள் சொல் மாறாமலே ஓதப்படுகின்றன. கேட்போர் நெஞ்சில் அவை வேறு பொருள் தருகின்றன. இலக்குவன்பால் அன்புடைய மரபே அவன்மேல் ஒரு பழியையும் ஏற்றி வைத்திருப்பது நோக்கத்தக்கது.

விகுதியில் நிற்கும் மதிப்பு

இனி மொழியமைப்புக்கு வருவோம். தொலைக்காட்சித் தொடர் இந்தியில் அமைந்தது. இந்தியில் ‘ராம் ஆயே’ என்னும்போது வினையின் பன்மை மதிப்பைக் குறிக்கும். ‘ஆயா’ என்றால் அம்மதிப்பு இல்லை. தற்காலத் தமிழிலும் ‘வந்தான்’, ‘வந்தார்’ என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். கம்பனிலோ இராமனும் பெரும்பாலும் ‘வந்தான்’, இராவணனும் ‘வந்தான்’. இராமனுக்குரிய மதிப்பு வினைவிகுதியில் இல்லை. அண்ணல், வள்ளல் போன்ற பெயர்களில் உள்ளது. இந்தித் தொடரை இன்றைய தமிழுக்குக் கொண்டுவருவோர் ‘இராமர் வந்தார்’ என்று எழுதுவது இயல்பு. ஆனால் அதே கையோடு ‘இராவணன் வந்தான்’ என்று எழுதிவிடின், கம்பன் இருவர்க்கும் பொதுவாக்கி வைத்த ஒரு தளத்தை மொழிபெயர்ப்பாளர் உடைத்தவராகிறார். அதுவும் ஒரு விளக்கமே. செய்பவர் அறியாமல் செய்யும் விளக்கம்.

மலையாளம் வேறு வழி சென்றது. எழுத்தச்சன் போன்றோர் செய்யுளில் பழைய விகுதிகள் எஞ்சியிருப்பினும், இன்றைய மலையாளத்தில் ‘வந்நு’ என்பது யார்க்கும் பொது. மதிப்பும் பாலும் எழுவாயைச் சார்ந்தவை. எழுவாய் தொக்கு நிற்கும்போது பேசுவோன் எம்முடிவும் எடுக்க வேண்டியதில்லை. கூத்தின் கலப்புரை தமிழ்ப்பக்கம் சாயுமிடத்து விகுதி ஒரு சார்பை வற்புறுத்தும். மலையாளப்பக்கம் சாயுமிடத்து அச்சார்பு தளரும். வாலி வதையில் இராமனை வினவும் வாலியும், வினவப்படும் இராமனும் ஒரே வினைவடிவில் நிற்க இம்மொழி இடம் தருகிறது.

விளிச்சொற்களும் அத்தகையனவே. தொடரில் இலக்குவன் ‘பையா’ என்பதும் அனுமன் ‘பிரபு’ என்பதும் இந்தி அறியாதார் காதிலும் பதிந்தவை. ‘பையா’வை ‘அண்ணா’ எனப் பெயர்ப்பது பிழையன்று. எனினும் அது வீட்டுச்சொல். ‘எம்முன்’ என்னும் செய்யுள் வழக்கில் உள்ள விலகல் அதில் இல்லை. இந்தி அறியாத ஒரு தோட்டத் தொழிலாளி இத்தொடரைக் காணும்போது, படத்தைக் கண்ணால் வாங்கி, வசனத்தைத் தாம் கேட்டறிந்த தமிழ்க்கதையால் நிரப்பிக்கொள்வதே இயலும். அவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் அவரே.

தொடர் தன்னை ஒருமூல நூலாகக் காட்டிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வான்மீகம், துளசி மட்டுமின்றிக் கம்பனும் எழுத்தச்சனும் தொடக்கக் காட்சியில் மூலங்களாகப் பெயர் பெற்றனர். ஆயினும் மூலங்கள் உடன்படாத இடத்தில் படம் ஒன்றையே காட்ட முடியும். சீதையைக் கவர்தலை எடுத்துக்கொள்வோம். வான்மீகத்தில் இராவணன் அவளைக் கையால் பற்றுகிறான். கம்பனில் தீண்டாமல் பன்னசாலையை நிலத்தோடு பெயர்க்கிறான். ஆடித்திங்களான கர்க்கடகத்தில் கேரள இல்லங்களில் ஓதப்படும் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணத்தில் கவரப்பட்டவள் மாயச்சீதையே. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் எழுத்தச்சனின் மடம் உள்ளது. அதே மாவட்டத்தின் கூத்துமாடங்களில் கம்பன் ஒலிக்கிறான். ஆக, இப்பகுதியார்க்குச் சீதையைப் பற்றிய அன்பு ஒன்று, விடை இரண்டு. உரையாசிரியர் இவ்விரண்டையும் ஒரே இரவில் எடுத்துப் பேசி ஒன்றையும் தள்ளாமல் விடலாம். ஒளிப்படக் கருவிக்கு அவ்வசதி இல்லை.

பதிப்பும் பெயர்ப்பும்

2020 மார்ச்சு 28 முதல் தூர்தர்ஷன் தொடரை மறுபடி ஒளிபரப்பியது. 33 ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம் ஒரு சொல்லும் மாறாமல் வந்தது. கூத்து மாறிவந்துள்ளது. கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் அதனைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர்க்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. காந்தியடிகள் வாழ்க்கையும் இன்று பாவைகளால் நடிக்கப்படுகிறது. இவ்விரிவு வரவேற்கத்தக்கதே. ஆயின் மேடைக்காகக் கூத்தை ஒரு மணி நேரத்திற்குச் சுருக்கும்போது போரும் தேரும் நிற்கும். உரைதான் முதலில் குறையும். சம்புகுமாரன் இறப்பதை நிழலால் காட்டலாம். அதன்பின் சூர்ப்பணகை யார் என்பதைச் சொல்ல உரை வேண்டும்.

எனவே ஆடல்பற்றைப் பதிப்பிப்போர் செய்யுளைப் பாடமாகவும் உரையை அடிக்குறிப்பாகவும் கொள்ளும் வழக்கம் பொருந்தாது. கம்பராமாயண அச்சுப் பதிப்புகளோடு ஒப்பிட்டுச் செய்யுளின் ‘பிழைகளை’த் திருத்துவதோடு பணி முடிந்ததாகக் கருதின், கூத்து தானாகச் சொன்னவை அனைத்தும் விடுபடும். உரையை மலையாள எழுத்திலும் தமிழ் எழுத்திலும் எதிரெதிர்ப் பக்கங்களில், ஓதியவாறே அச்சிடுதல் வேண்டும். கலப்பு வடிவங்களைச் செந்தமிழாக்கவும் கூடாது, தூய மலையாளமாக்கவும் கூடாது. பதிப்பாசிரியர் ‘வந்நு’ என்பதை ‘வந்தான்’ என்றோ ‘வந்தார்’ என்றோ மாற்றினால், புலவர் அவ்விரவில் எடுக்காத ஒரு முடிவை அவர்மேல் ஏற்றியவராவார்.