உங்களுக்குத் தெரியுமா? முதல் நாளே மஞ்சளித்தால்...

● பிறந்த இரண்டு மூன்று நாளில் குழந்தைக்கு லேசாக மஞ்சள் தட்டுவது சகஜம். 24 மணி நேரத்துக்குள்ளேயே தட்டினால் காத்திருக்கக் கூடாது. ரத்த வகையில் தாய் ஆர்எச் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், தாயின் எதிர்ப்புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருக்கலாம். உடைந்த அணுக்களிலிருந்து வருவதே பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி.

● இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் மஞ்சளாகப் பிறப்பதில்லை. கருப்பையில் இருக்கும்வரை பிலிருபினைத் தாயின் ஈரல்தான் கழிக்கிறது. தொப்புள்கொடி அறுந்ததும் அந்த வேலை பிஞ்சு ஈரலின் தலையில் விழுகிறது. அதற்கு வேண்டிய நொதியோ அப்போது மிகக் குறைவு.

● ஆக, காமாலைக்குக் காரணம் ஈரல் நோயல்ல. ஆனால் ஈரல் தப்புவதுமில்லை. இழந்த ரத்தத்தை ஈடுகட்ட, கருவின் ஈரலும் மண்ணீரலும் ரத்த அணுக்களை உற்பத்தி செய்தே வீங்கிவிடும். ஈரல் செய்யும் ஆல்புமின் என்ற புரதம் குறையும். கடுமையானால் உடல் முழுவதும் நீர் கோத்துக்கொள்ளும். சில குழந்தைகளுக்குப் பித்தநீர் கெட்டிப்பட்டு வெளியேறாமல் தேங்கும். அவர்களை மஞ்சளைக் குறைக்கும் 'லைட்'டில் வைத்தால் தோல் வெண்கல நிறமாகலாம்.

● அந்த 'லைட்' சிகிச்சை ஒரு செவிலியர் கண்ணில் பிறந்தது. 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் சிஸ்டர் ஜீன் வார்டு, குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலில் வைப்பார். ஒரு குழந்தைக்கு வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருக்க, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது. டாக்டர் கிரீமர் குழுவினர் ஆராய்ந்து 1958இல் நீல ஒளி விளக்குகளைக் கொண்டுவந்தார்கள். ஒளி பட்டதும் பிலிருபினின் வடிவம் மாறுகிறது. ஈரல் பக்குவப்படுத்தாமலே பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடுகிறது.

● அதற்காக, முதல் நாள் மஞ்சளை வீட்டு வாசல் வெயிலில் காட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பிலிருபின் மிகுந்து மூளைக்குள் புகுந்தால் காது கேட்காமல் போகலாம், கைகால் இயக்கம் நிரந்தரமாகக் கெடலாம். அளவு கைமீறினால் ரத்தத்தையே மாற்ற வேண்டிவரும்.

● ஆர்எச் வேறுபாட்டால் முதல் பிரசவத்தில் பெரும்பாலும் ஆபத்தில்லை, அடுத்த கருவுக்குத்தான். பிரசவமோ கருக்கலைவோ ஆன 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டால், தாயின் உடல் எதிர்ப்புரதம் உண்டாக்காமல் பெரும்பாலும் தடுக்கலாம். இந்த ஊசிக்கான பிளாஸ்மாவைத் தந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன். 1954 முதல் 2018 வரை 1,173 முறை தானம் செய்த மகத்தான மனிதர்!

● தாய் 'ஓ' வகை, குழந்தை 'ஏ' அல்லது 'பி' என்றாலும் காமாலை வரலாம், தலைப்பிரசவத்திலேயே. பொதுவாக மிதமானதுதான். ஆனால் இதற்குத் தடுப்பூசி கிடையாது.