வத்தல்மலை ஏறும் வண்டிக்கு எந்த ஆயில்?

வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டு பேரும் ஒரு மூட்டையுமாக முதல் கியரில் முக்கி முக்கி ஏறுகிறது ஒரு 100 சிசி பைக். எஞ்சின் கொதிக்கிறது, காற்று பட்டு ஆறுவதற்கு வேகமும் இல்லை. அந்த நேரத்தில் பிஸ்டனையும் கியரையும் கிளட்சையும் காப்பாற்றுவது உள்ளே கிடக்கும் ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான். தர்மபுரி மாவட்டத்தில் பால் கேனும் பாலக்கோட்டுத் தக்காளியும் தீவனமும் சுமப்பது இத்தகைய வண்டிகளே. அவற்றை ஓட்டுகிறவர்களிடம்தான் இப்போது "ஃபுல் சிந்தடிக் போடுங்க, பிக்கப் எகிறும்" என்ற பேச்சு வந்து நிற்கிறது.

மினரல் ஆயில் 400 ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். ஃபுல் சிந்தடிக் என்றால் ஏறக்குறைய இரு மடங்கு. நடுவில், இரண்டும் கலந்த செமி சிந்தடிக். மலிவு விலையில் சிந்தடிக் என்று கிடைப்பவை பெரும்பாலும் குரூப் 3 வகை. கச்சா எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து, மூலக்கூறுகளை மாற்றியமைத்து எடுப்பது இது. இதைச் சிந்தடிக் என்று விளம்பரம் செய்யலாமா என்ற சண்டை அமெரிக்காவில் மூண்டு, செய்யலாம் என்று 1999இல் அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு முடிவு சொன்னது. ஆலையில் வேதிவினை மூலம் உருவாக்கும் பிஏஓ, எஸ்டர் ஆயில்களின் விலை வேறு உயரம். நம் ஊர் 100, 125 சிசி வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை. தினமும் மலையேறுகிறவருக்கும், நான்கு வழிச்சாலையில் ஓசூர்வரை விரட்டுகிறவருக்கும் குரூப் 3 தாராளமாகப் போதும்.

ஆனால் கேனின் முன்பக்க எழுத்தைவிடப் பின்பக்கப் பொடி எழுத்து முக்கியம். பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. மைலேஜுக்காக வழுக்குப் பொருள் அதிகம் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் பிளேட் பிடிக்காமல் நழுவும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் கூடும், வண்டி நகராது. மலைப் பாதையில் பாரத்தோடு இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி அச்சிட்டிருப்பது கியர் பைக்குக்கு. எம்பி என்பது உலர் கிளட்ச் கொண்ட கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. விலை குறைவு என்று இந்த இரண்டையும் மாற்றி வாங்காதீர்கள்.

அடுத்தது கிரேடு, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண். 10டபிள்யூ ஆயிலுக்கான குளிர்ச் சோதனை மைனஸ் 25 டிகிரியில் நடக்கிறது, 20டபிள்யூவுக்கு மைனஸ் 15இல். நம் மார்கழிப் பனி அதன் பக்கத்தில்கூட வராது. அதற்காக வெயில் ஊர் ஆயிற்றே என்று 10டபிள்யூ-30 கேட்கும் புதிய எஞ்சினில் கெட்டியான 20டபிள்யூ-50ஐ ஊற்றக் கூடாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே கேம் ஷாஃப்ட்வரை ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். வண்டியோடு வந்த கையேடு சொல்வதே கணக்கு. ஃபுல் சிந்தடிக் போட்டால் எஞ்சின் மென்மையாக ஓடுகிறது, நீண்ட நாள் தாங்குகிறது என்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. இத்தனையும் பார்த்து வாங்கிய கேனுக்குள் இருப்பது புது ஆயில்தானா? விலை ஏற ஏறக் காலி கேனுக்கும் மதிப்பு ஏறுகிறது. 400 ரூபாய் கேனைப் போலியாக நிரப்புவதைவிட 900 ரூபாய் கேனை நிரப்புவதில்தான் லாபம். பழைய ஆயிலில் அமிலமும் களிமண்ணும் சேர்த்து நிறத்தை வெளுக்க வைக்கும் முறை வெகுகாலமாக உள்ளது. அப்படி வெளுத்ததைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மங்கள் தீர்ந்துபோன திரவம் அது. சிந்தடிக் என்று நம்பி இரு மடங்கு தூரம் ஓட்டுகிறவருக்குத்தான் அதிக நஷ்டம்: போரும் பிஸ்டனும் போனால் ஆயிலில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவு.

பழைய ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. அதை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கும் விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சாலையோர ஒர்க்‌ஷாப்பின் டிரம்மிலிருந்து அது எங்கே போகிறது என்று வண்டிக்காரர் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

லூஸில் அளந்து தரும் ஆயிலை வாங்காதீர்கள். பில்லோடு வாங்குங்கள். சீல் வளையம், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி மூன்றையும் பார்த்துவிட்டு, மூடியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடித்ததும் ஸ்குரூ டிரைவரை வாங்கிக் கேனின் அடியில் இரண்டு இடத்தில் குத்தி, லேபிளையும் கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மெக்கானிக் சங்கடப்பட்டால் படட்டும்; நேர்மையான மெக்கானிக் தானே குத்தித் தருவார்.