இரண்டு ஸ்விட்ச் வாங்கினால் போதுமா?

பனியன் கம்பெனியில் நெட்வொர்க் நின்றால் எதெல்லாம் நிற்கும்? செக்கிங்கில் பார்கோடு ஓடாது. பேக்கிங்கில் ஸ்டிக்கர் அச்சாகாது. வருகைப் பதிவு சம்பளக் கணக்குக்கு வந்து சேராது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அது கிடைக்காவிட்டால், தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய ஷிப்மென்ட் லாரி வாசலிலேயே நிற்கும்.

இதைத் தவிர்க்கத்தான் திருப்பூரில் இரண்டு மூன்று நெட்வொர்க் ஸ்விட்சுகளைக் கேபிளால் கோத்து ஒரே கருவிபோல இயக்கும் 'ஸ்டாக்' (அடுக்கு) முறையை நாடுகிறார்கள். அதில் ஒரு ஸ்விட்ச் தலைமை ஏற்கும், இன்னொன்று காத்திருக்கும். தலைமை ஸ்விட்ச் பழுதானால் காத்திருப்பது பொறுப்பேற்கும். ஆனால் பழுதான ஸ்விட்சில் செருகியிருந்த கேபிள்களுக்கு அதனால் உயிர் வந்துவிடாது. சர்வரின் ஒரே கேபிள் அதில்தான் இருந்தது என்றால், இன்னொரு ஸ்விட்ச் நன்றாக ஓடியும் பயனில்லை.

கவனிக்க வேண்டியவை

• சர்வரிலிருந்தும் இன்டர்நெட் இணைப்பிலிருந்தும் தலா இரண்டு கேபிள்கள், இரண்டு வெவ்வேறு ஸ்விட்சுகளுக்குப் போக வேண்டும்.

• ஸ்டாக் கேபிள் கடைசி ஸ்விட்சிலிருந்து முதல் ஸ்விட்சுக்குத் திரும்பி வந்து வளையமாக முடிய வேண்டும். சங்கிலியாக விட்டால், நடுவில் ஒரு கேபிள் கழன்றதும் அடுக்கு இரண்டாகப் பிளந்து, இரு பாதியும் ஒரே முகவரியுடன் தலைமை கொண்டாடும் நிலை வரலாம். அது முழு நெட்வொர்க்கையும் குழப்பிவிடும்.

• எல்லா ஸ்விட்சும் ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தால், அந்த யுபிஎஸ் போகும்போது எல்லாமே போகும். மின்சாரத்தையும் பிரித்துக் கொடுங்கள்.

• சாஃப்ட்வேர் புதுப்பிப்பில் மொத்த அடுக்கும் அணைந்து எழலாம். அதை விடுமுறை நாளில் செய்யச் சொல்லுங்கள்.

• பஞ்சுத் தூசி மின்விசிறியை அடைத்துக் கருவியைச் சூடாக்கும். ஸ்விட்ச் பெட்டியை நிட்டிங், கட்டிங் பக்கம் வைக்காதீர்கள்.

சட்டம் என்ன தருகிறது?

வணிக நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொதுவாகப் பொருந்தாது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான். அப்படி ஜாப் ஒர்க் செய்யும் சிறு யூனிட்காரர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் உதவி கேட்கலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம்.

பெரிய கம்பெனிகளுக்கு ஒப்பந்தம்தான் துணை. ஒப்பந்தம் மீறப்பட்டால் என்ன நட்டம் வரும் என்பது ஒப்பந்த நேரத்திலேயே இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால், அந்த நட்டத்துக்கு ஈடு கேட்க 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு இடம் தருகிறது. ஆகவே "இது நின்றால் ஷிப்மென்ட் நிற்கும்" என்பதைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். ஒரு ஸ்விட்ச் பழுதானால் எத்தனை நொடியில் வேலை தொடர வேண்டும், மாற்றுக் கருவி எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். சப்ளையரின் பொறுப்புக்கு வரம்பு கட்டும் வரிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்ளையரை அழைத்து, தலைமை ஸ்விட்சின் பவர் கேபிளை அவர் கண் முன்னாலேயே பிடுங்குங்கள். சர்வர் கிடைக்கிறதா, ஸ்கேனர் ஓடுகிறதா, பில் அச்சாகிறதா என்று பாருங்கள். பிறகு மற்ற ஸ்விட்சுகளையும் ஒவ்வொன்றாக அப்படியே சோதியுங்கள். ஆன நேரத்தைக் குறித்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

செக்கிங் மேசையில் ஒரு காகித நோட்டும் இருக்கட்டும். பீஸ் ரேட்டில் தைப்பவரின் கணக்கு, ஸ்விட்ச் நின்றதால் ஒரு பீஸ்கூடக் குறையக் கூடாது.