கல்லும் சுவரும்: நினைவின் வடிவம் குறித்த மியூனிக் மாநகர மன்ற விவாதம்

ஆய்வுச் சுருக்கம்

நாஜி ஆட்சியில் கொல்லப்பட்டோரின் பெயர்களை அவர்கள் வாழ்ந்த வீடுகளின் முன்னுள்ள நடைபாதையில் பதிக்கும் ‘இடறுகல்’ முறை ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ஏற்கப்பட்டுள்ளது. செருமனியின் மியூனிக் மாநகர மன்றம் மட்டும் 2004, 2015 ஆகிய ஆண்டுகளில் இருமுறை அதனைப் பொதுநிலத்தில் அனுமதிக்க மறுத்து, பின்னர் மாற்று வடிவம் ஒன்றை உருவாக்கியது. இவ்விவாதம் நினைவுகூர்தலுக்கும் மறத்தலுக்கும் இடையில் எழுந்ததன்று. இறந்தோரின் சார்பில் பேசும் உரிமை யாருக்கு என்னும் வினாவைச் சுற்றி எழுந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நினைவுச் சின்னம், மியூனிக், இடறுகல், மாநகர மன்றம், யூத இனப்படுகொலை, பொதுநிலம்

முன்னுரை

வன்முறையில் மாண்டோரை நினைவுகூர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லாத நகரங்களிலும், எவ்வாறு நினைவுகூர்வது என்பதில் கடும் வேறுபாடு எழுவதுண்டு. அவ்வேறுபாட்டைத் தீர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் உள்ளாட்சி மன்றங்களின் மீதே விழுகிறது. தெருவும் நடைபாதையும் பொதுச் சுவரும் அவற்றின் ஆளுகைக்குள் இருப்பதே அதற்குக் காரணம். மியூனிக்கில் நடந்த நெடிய விவாதம் இத்தகைய சூழலைத் தெளிவாகக் காட்டும் சான்றாகும்.

இடறுகல்: வடிவமும் கருத்தும்

இடறுகல் முறையை உருவாக்கியவர் 1947இல் பெர்லினில் பிறந்த கலைஞர் குண்டர் டெம்னிக். ஆவுசுவிட்சு முகாமுக்குச் சிந்தி, ரோமா மக்களை அனுப்புமாறு இம்லர் ஆணையிட்டதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1992 டிசம்பர் 16 அன்று, கொலோன் நகர மன்றக் கட்டடத்தின் முன் அவர் ஒரு கல்லைப் பதித்தார். 1996இல் பெர்லினின் குரோய்சுபெர்க் பகுதியில் உரிய அனுமதியின்றியே கற்கள் பதிக்கப்பட்டன. அவை பின்னர் ஏற்பளிக்கப்பட்டன. 2023 மே மாதத்தில் நூறாயிரமாவது கல் நியூரம்பெர்க் நகரில் பதிக்கப்பட்டது.

ஒவ்வொரு கல்லும் ஏறத்தாழ 10 செ.மீ. பக்க அளவுடைய கற்காரைக் கட்டி. அதன் மேற்பரப்பில் பித்தளைத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். ‘இங்கே வாழ்ந்தார்’ என்னும் தொடருக்குக் கீழே பெயர், பிறந்த ஆண்டு, நாடுகடத்தப்பட்ட நாள், இறந்த இடம் ஆகியன கையால் அடித்துப் பொறிக்கப்படுகின்றன. ஒரு கல்லுக்கு ஒரு பெயர் என்பது இதன் அடிப்படை விதி. முகாமில் எண்ணாக மாற்றப்பட்டவர், தம் வீட்டு வாயிலில் மீண்டும் பெயருடையவர் ஆகிறார். கல்லைப் படிக்க விரும்புவோர் தலைகுனிய வேண்டும். அக்குனிவே ஒரு வணக்கம் என்பது டெம்னிக்கின் விளக்கம்.

மியூனிக்கின் வரலாற்றுச் சுமை

நாஜி இயக்கம் தோன்றி வளர்ந்த நகரம் மியூனிக். 1935இல் ‘இயக்கத்தின் தலைநகரம்’ என்னும் பட்டம் இட்லரால் இதற்கு வழங்கப்பட்டது. நகரின் முதன்மை யூதத் தொழுகைக்கூடம், செருமனி முழுவதும் தொழுகைக்கூடங்கள் தாக்கப்பட்ட நவம்பர் நிகழ்வுகளுக்குச் சில மாதங்கள் முன்பே, 1938 ஜூனில் இடிக்கப்பட்டது. 1941 நவம்பர் 20 அன்று ஏறத்தாழ ஆயிரம் யூதர்கள் மியூனிக்கிலிருந்து லிதுவேனியாவின் கௌனாசு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஐந்து நாள்களில் அனைவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். எனவே, இந்நகரில் நினைவுச் சின்னம் பற்றிய எம்முடிவும் நகரத்தின் மனச்சான்று பற்றிய முடிவாகவே பார்க்கப்பட்டது.

2004ஆம் ஆண்டு முடிவு

கௌனாசில் கொல்லப்பட்ட இணையர் ஒருவருக்காக 2004இல் மியூனிக்கின் தெருவொன்றில் இரு கற்கள் பதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் வாழ்ந்த அவர்களுடைய மகன் இதனை விரும்பினார். ஆனால், அவ்வாண்டு ஜூனில் கூடிய மாநகர மன்றம் பொதுநிலத்தில் இடறுகற்களை அனுமதிப்பதில்லை என முடிவு செய்தது. இரு கற்களும் அகற்றப்பட்டன. பெற்றோரின் பெயர் தாங்கிய கல்லை மகனின் விருப்பத்துக்கு மாறாக நகரமே பெயர்த்தெடுத்த அந்நிகழ்வு, பிற்கால விவாதம் முழுவதிலும் ஆறாத வடுவாக நீடித்தது.

எதிர்ப்பின் தருக்கம்

இம்முடிவைப் பழைமையை மூடி மறைக்கும் முயற்சியாகக் கொள்வது பொருந்தாது. எதிர்ப்பின் முதன்மைக் குரல் பாதிக்கப்பட்ட சமூகத்திலிருந்தே எழுந்தது. 1985 முதல் மியூனிக் யூதச் சமூக அமைப்பின் தலைவராக விளங்கும் சார்லோட் க்னோப்லோக் 1932இல் அந்நகரில் பிறந்தவர். 1938 நவம்பர் வன்முறையைச் சிறுமியாகக் கண்ணால் கண்டவர். பிராங்கோனியப் பண்ணையொன்றில் வேறொருவரின் குழந்தையாக மறைந்து வாழ்ந்து உயிர்பிழைத்தவர். தரையில் தள்ளி மிதிக்கப்பட்ட மனிதர்களின் பெயர்களை மீண்டும் தரையிலேயே வைப்பது அவர்களை இரண்டாம் முறை இழிவுபடுத்துவதாகும் என்பது அவருடைய வாதம். காலணிகளும் அழுக்கும் நாய்களும் படும் இடம் மதிப்புக்குரிய இடமாகாது என்று அவர் கருதினார். எழுத்தைக் காலால் தீண்டலாகாது என்னும் மரபில் வளர்ந்த வாசகருக்கு இவ்வாதம் தனி விளக்கம் வேண்டாதது.

ஆதரவின் தருக்கம்

மறுதரப்பும் உறவினரையும் யூதர்களையும் கொண்டிருந்தது. கல்லறையே இல்லாத பெற்றோருக்கு அவர்கள் கடைசியாகத் தம் விருப்பப்படி வாழ்ந்த வீட்டின் வாயிலே உரிய இடம் என்பது அவர்கள் நிலைப்பாடு. நடுவண் நினைவுச் சின்னத்தைத் தேடிச் செல்வோரே காண்பர். இடறுகல்லோ நாள்தோறும் அவ்வழி நடப்போரின் கண்ணில் தானே படும். மேலும், குற்றம் தொலைவிலுள்ள முகாமில் தொடங்கவில்லை. அண்டை வீட்டார் பார்த்திருக்க இதே தெருவில்தான் தொடங்கியது என்பதையும் அக்கல் உணர்த்துகிறது.

இரு தரப்பும் மதிப்பு என்னும் ஒரே சொல்லையே ஆண்டன. ஒரு தரப்பு மதிப்பை உயரத்தில் கண்டது. மறுதரப்பு அதனை அருகாமையில் கண்டது.

2015ஆம் ஆண்டு முடிவும் நீதிமன்றமும்

எதிர்ப்பும் கோரிக்கையும் தொடர்ந்ததால் மன்றம் வல்லுநர், பாதிக்கப்பட்டோர் தரப்பினர் ஆகியோரின் கருத்துகளைக் கேட்டறிந்து பொருளை மீண்டும் எடுத்தது. 2015 ஜூலை 29 அன்று பெரும்பான்மை உறுப்பினர்கள் பழைய தடையை உறுதிசெய்தனர். எனினும், இம்முறை முடிவு மறுப்போடு நிற்கவில்லை. கொல்லப்பட்டோர் வாழ்ந்த இடங்களிலேயே சுவர்ப் பலகைகளும் தூண்களும் அமைக்க மன்றம் இசைந்தது.

தடையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு 2016இல் மியூனிக் நிருவாக நீதிமன்றத்திலும், மேல்முறையீடு 2017இல் பவேரிய உயர் நிருவாக நீதிமன்றத்திலும் தோல்வியுற்றன. பொதுத்தெருவில் கல் பதிக்குமாறு நகரத்தைக் கட்டாயப்படுத்தும் சட்ட உரிமை வழக்காளருக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். தனியார் நிலத்தில் அத்தடை செல்லாது. ஆகவே மியூனிக்கிலும் வீட்டு முற்றங்களில் இடறுகற்கள் பதிக்கப்பட்டுள்ளன. சில அடித் தொலைவில் நிலத்தின் உரிமை மாறும்போது, ஒரே கல் ஏற்கத்தக்கதாகவும் விலக்கத்தக்கதாகவும் ஆகிறது.

மாற்று வடிவம்

‘நினைவுக் குறிகள்’ எனப்படும் மாற்றுச் சின்னங்களில் முதலாவன 2018 ஜூலையில் நிறுவப்பட்டன. பொன் முலாம் பூசிய துருவேறா எஃகினாலான இவற்றில் பெயரும் வாழ்க்கைக் குறிப்பும், ஒளிப்படம் கிடைப்பின் உருவமும் இடம்பெறுகின்றன. வீட்டு உரிமையாளர் இசைந்தால் அவை சுவரில் பொருத்தப்படும். இசையாவிடின் பொதுநிலத்தில் தூணாக நிறுத்தப்படும். இவ்விதி நுட்பமானது. இன்றைய உரிமையாளரின் மறுப்பு அங்கு முன்பு வாழ்ந்தவரின் நினைவைத் தடுக்க இயலாதவாறு அது வகுக்கப்பட்டுள்ளது.

மதிப்பீடு

மன்றத்தின் இறுதி ஏற்பாட்டைக் கூர்ந்து நோக்கின், ஒற்றை வினாவாகத் தோன்றியது மூன்றாகப் பிரிக்கப்பட்டமை புலனாகும். எந்த இடத்தில் என்பதில் கல்லை ஆதரித்தோரின் கருத்து ஏற்கப்பட்டது: வீட்டு வாயிலும் தனிப்பெயரும் நிலைபெற்றன. எந்த உயரத்தில் என்பதில் க்னோப்லோக்கின் கருத்து ஏற்கப்பட்டது: பெயர் கண்மட்டத்திற்கு உயர்ந்தது. யார் அமைப்பது என்பதில் மன்றம் அப்பொறுப்பைத் தானே ஏற்றது. கலைஞரும் குடிமக்களும் நன்கொடையால் செய்துவந்த பணி நகரத்தின் கடமையாயிற்று.

இவ்வேற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. தம் பெற்றோருக்குக் கல்லே வேண்டும் என்ற பிள்ளைகளின் விருப்பம் பொதுநிலத்தில் நிறைவேறவில்லை. சமூக அமைப்பின் குரலும் குடும்பத்தின் குரலும் முரண்பட்டபோது மன்றம் முன்னதற்கே முதன்மை தந்தது. தரையில் பெயரைக் காணும் வேதனையை ஒருவர் மீது சுமத்தலாகாது என்பது அதற்கான நியாயம். ஆனால், விரும்பிய கல் மறுக்கப்பட்ட மற்றொருவரின் வேதனை அந்நியாயத்தால் நீங்குவதில்லை.

முடிவுரை

மியூனிக் விவாதம் பிற மன்றங்களுக்கு ஆயத்தமான விடை எதையும் தரவில்லை. வினாக்களின் வரிசையைத் தருகிறது. நினைவுச் சின்னம் அமைக்க முற்படும் மன்றம், பாதிக்கப்பட்டோர் அனைவரும் ஒரே குரலில் பேசுவர் என எண்ணித் தொடங்குதல் தவறு என்பது முதற்பாடம். மறுப்பைத் தெரிவிப்பதோடு மன்றத்தின் கடமை முடிவதில்லை என்பது அடுத்தது. 2004இல் மறுத்து நின்ற மன்றம், முதற்குறி நிறுவப்படும்வரை பதினான்கு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. அவ்விடைவெளியில் சாட்சிகளும் பிள்ளைகளும் முதுமையடைந்தனர், பலர் மறைந்தனர். வடிவம் பற்றிய விவாதம் தேவையானதே. ஆயினும் அதற்குரிய காலத்தைப் பெரிதும் இழப்பவர் இழப்புக்கு உரியவரே என்பதை மன்றங்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.