போர் காணாத கோட்டையில் ஓயாத வேலை: கோர்ன்வாலிஸ் வெடிமருந்துக் கிடங்கு சொல்லும் வரலாறு

ஜார்ஜ்டவுன் – இங்குள்ள கோர்ன்வாலிஸ் கோட்டைக்கு வருவோரில் பலர், 1603இல் வார்க்கப்பட்ட செரி ரம்பாய் என்ற டச்சுப் பீரங்கியின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். கோட்டையின் ஒரு மூலையில் தடித்த சுவர்களுடன் நிற்கும் வெடிமருந்துக் கிடங்கைக் கவனிப்போர் குறைவு. ஆனால், இராணுவத்தில் ஆயுதங்களைச் சேமித்து, பராமரித்து, வீரர்களுக்கு வழங்கும் தளவாடப் பிரிவின் வேலை என்ன என்பதை அந்தச் சிறிய கட்டடமே விளக்கிவிடும்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியபோது எழுப்பியது நிபோங் மரங்களால் ஆன அரண்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது செங்கல் கோட்டையானது. அந்தச் சுவர்களை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். 1814ஆம் ஆண்டு வாக்கில் வெடிமருந்துக் கிடங்கு கட்டப்பட்டது.

அக்கால வெடிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை. ஈரம் பட்டால் அது பயன்படாது. ஒரு பொறி பட்டால் கோட்டையே மிஞ்சாது. பினாங்கின் மழையிலும் கடற்காற்றிலும் அதைக் காப்பது எளிதல்ல. எனவேதான் தடித்த சுவர்கள் தேவைப்பட்டன. இத்தகைய கிடங்குகளில் பொறி பறக்கும் இரும்புக் கருவிகளைத் தவிர்த்து, மரம், செம்புக் கருவிகளைப் பயன்படுத்துவது வழக்கம்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1775இலேயே கல்கத்தாவில் ஆயுதத் தளவாட வாரியத்தை அமைத்திருந்தது. பினாங்கும் தொடக்கத்தில் கல்கத்தாவின் நிர்வாகத்தின் கீழ்தான் இருந்தது. பின்னர் மதராஸ் காலாட்படையின் சிப்பாய்கள் நீரிணைக் குடியேற்றங்களின் காவலுக்கு வந்தனர். இந்தியச் சிப்பாய்கள் இங்கே தங்கியிருந்ததை ‘சிப்பாய் லைன்ஸ்’ என்ற சாலைப் பெயர் இன்றும் நினைவூட்டுகிறது.

கோர்ன்வாலிஸ் கோட்டை ஒரு போரையும் காணவில்லை. ஆனாலும், எந்த நேரத்திலும் சுடத் தயாராக இருக்க வேண்டுமானால், மருந்து உலர்ந்திருக்க வேண்டும், பீரங்கி வண்டி உளுத்துப்போகாமல் இருக்க வேண்டும், குண்டுகளின் கணக்கு சரியாக இருக்க வேண்டும். பராமரிப்பு இல்லாத பீரங்கி வெறும் உலோகக் கட்டிதான்.

ஆயுதங்கள் சிக்கலாக ஆக, இந்தப் பணியும் பிரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பிரிட்டிஷ் இராணுவம் பழுதுபார்க்கும் வேலைக்கெனத் தனிப் படைப்பிரிவை உருவாக்கியது. மலேசியத் தரைப்படையிலும் இதே ஏற்பாடுதான். ஆயுதம், வெடிபொருள் விநியோகத்தை ‘கோர் ஓர்ட்னன்ஸ் டிராஜா’ கவனிக்கிறது. பழுதுபார்ப்பு மின்னியல், இயந்திரப் பொறியியல் படைப்பிரிவின் பொறுப்பு.

கோட்டைக்குச் செல்லும் பெற்றோர், பிள்ளைகளுக்குப் பீரங்கியைக் காட்டியபின் அந்தக் கிடங்கின் வாசலுக்கும் அழைத்துச் செல்லலாம். பெயர் தெரியாத இந்தியக் கைதிகளும் சிப்பாய்களும் இந்தத் தீவில் விட்டுச்சென்ற உழைப்பின் அடையாளமாக அந்தக் கோட்டையும் அதன் கிடங்கும் நிற்கின்றன.